ஆஸ்பத்திரி பில்லின் பின்பக்கம்

"பழைய பேப்பரோட சேர்த்துப் போட்டிருப்பே. வேற எங்க போகும்?"

"நான் தொடவே இல்லம்மா. எத்தனை தடவ சொல்றது?"

"அப்ப கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

அக்கா தன் மகளைத் திட்டுவது மூன்று மாடிக்கும் கேட்டது. கேட்காதவர்கள் கதவைத் திறந்து வைத்துக் கேட்டார்கள். காணாமல் போனது அத்தானின் இதய ஆபரேஷன் பில். லேத் பட்டறை வைத்திருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்தார். அவர் நெஞ்சைச் சரிசெய்ய அந்த மெஷினையே விற்றார்கள். இன்ஷூரன்ஸ் பணம் வந்தால் திரும்ப வாங்கிவிடலாம். வாங்கியவர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். இன்ஷூரன்ஸ்காரர்களோ அசல் பில் இல்லாமல் பேசவே மாட்டோம் என்றார்கள்.

பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார் அக்காவின் தம்பி. சிரத்தையாகத்தான் தேடினார். பில் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

தெருவில் அவருக்குப் பெயர் புரொபசர். ஆராய்ச்சி, அருவ இயற்கணிதம் என்ற கணக்குப் பிரிவில். அதில் எண்ணே வராதாம். "எண்ணே இல்லன்னா அப்புறம் தப்பு எப்படி சார் வரும்?" என்று மளிகைக் கடைக்காரர் கேட்டு, இன்னும் பதில் வரவில்லை. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளைக் கண்டால் புரொபசருக்குக் கை நிற்காது. கல்யாணப் பத்திரிகை, கரண்ட் ரசீது, எதையும் விட்டதில்லை. அத்தானை டிஸ்சார்ஜ் செய்த அன்று, மருந்து கவுண்டர் வரிசையில் நின்றபோது கையிலிருந்த பில்லைத் திருப்பினார். ஆறு வருடமாக நகராமல் நின்ற தேற்றம் நகர்ந்தது. அத்தானுக்கு அடைப்பு நீங்கிய வாரத்திலேயே இவருக்கும் நீங்கிவிட்டது. பில்லின் நாலு தாளிலும் பின்பக்கம் முழுக்க எழுத்து.

சரிபார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் பைக்குள் வைத்தார். அதற்குள் தேடல் ஆரம்பித்துவிட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். இரண்டாம் நாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று வரும். ஒரு எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று வகுப்பில் நடத்துகிறவர்தானே. அப்படியே ஒன்பது நாள் ஓட்டிவிட்டார்.

சத்தம் தாங்காமல் அத்தான் எழுந்து வந்தார். கையில் பாதியாக உடைத்த மாத்திரை.

"விடு, புள்ளையப் போட்டுப் படுத்தாத," என்றவர், மைத்துனர் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ள, பாதி போட்டா பாதி வேலையாவது செய்யும்ல? நீதான் கணக்குல புலியாச்சே, சொல்லு."

புரொபசர் டார்ச்சை அணைத்தார். பையிலிருந்து பில்லை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

திட்டியிருந்தால் தேவலை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் மாமாவை ஒருமுறை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அத்தான் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவும் நீ எழுதினதா? சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு அத்தான்."

"அப்ப சரி."

பில்லை மறுநாளே கொடுத்தார்கள். பின்பக்கம் எழுதியிருப்பது டாக்டர் குறிப்பா, யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. நாலு மாதம் கழித்துப் பணம் வந்தபோது மெஷின் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. அத்தான் இப்போது இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு நிற்கிறார். தேற்றம் கட்டுரையாக வெளியானது, புரொபசர் அதை யாரிடமும் காட்டவில்லை.

மகளுக்கு மறுவருஷம் கல்யாணம். மாப்பிள்ளையோடு தூர ஊருக்குப் போய்விட்டாள். போனில் எல்லாரையும் விசாரிப்பாள், மாமாவைத் தவிர. புரொபசரும் வேறு காலேஜுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு முன்னால் பத்திரிகையை மட்டும் அவரிடம் அவளே நேரில் வந்து கொடுத்தாளாம். வாங்கியதும் பழக்கத்தில் திருப்பிப் பார்த்திருக்கிறார். பின்பக்கமும் இடம் விடாமல் அச்சடித்திருந்ததாம்.