மாமாவின் வாட்ச்

கீழ்க்கட்டளை வீட்டை விட்டுப் போவதென்றால் பட்டு மாமிக்கு உயிரே போய்விடும். பெங்களூரில் இருக்கும் பிள்ளை அனந்தகிருஷ்ணனோ கறாராகச் சொல்லிவிட்டான்.

"அப்பா கையில இந்த வாட்ச் இருக்கட்டும்மா. எவ்வளவு நடக்கறார், எவ்வளவு வேகமா நடக்கறார்னு என் போன்ல தெரியும். நடை கொறஞ்சா வீட்டைப் பூட்டிண்டு ரெண்டு பேரும் இங்க வந்துடணும்."

யக்ஞநாராயணன் மாமாவாவது, வாட்ச் கட்டுவதாவது! "கை அரிக்கறதுடி" என்று இரண்டாம் நாளே கழற்றி ஃப்ரிஜ் மேல் வைத்துவிட்டுப் பேப்பருக்குள் புகுந்துகொண்டார். நடைக்கணக்கு நின்றால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

மாமி தினமும் காலையில் அந்த வாட்ச்சைத் தன் கையில் கட்டி, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்ப் பிரதட்சிணம் சுற்ற ஆரம்பித்தாள். அவருக்காகச் சுற்றுவதுதானே, பலன் அவருக்குப் போகும்போது நடையும் அவர் பேரில் போகட்டுமே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

மூன்று மாதம் கழித்து, பிள்ளை அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு தாம்பரத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் வினிதா வந்து நின்றாள்.

"அங்கிளோட நடை வாராவாரம் ஸ்லோ ஆகுது ஆன்ட்டி. உடம்பு தளர்ந்துகிட்டே வருது. இப்படியே விட்டா ஒருநாள் கீழ விழுந்துடுவாரு."

ஐயோ, இன்னும் வேகமாகச் சுற்றியிருக்கக் கூடாதா? ஆனால் மாமி மூச்சிரைக்க வேகமாகத்தானே சுற்றினாள்!

கால் பலத்தைச் சோதிக்க வினிதா மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னாள். மனுஷர் அலட்டிக்கொள்ளாமல் எழுந்து காட்டிவிட்டு மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார்.

"சூப்பரா எழுந்துக்கறாரே! அப்ப வாட்ச்தான் ரிப்பேர். உங்க பையன்கிட்ட சொல்லிடறேன், கவலைப்படாதீங்க ஆன்ட்டி."

"காபி கொண்டு வரேன்" என்று மாமி சமையலறைக்குள் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை அதேபோல் கட்டிக்கொண்டாள். ஒரு தடவை எழுந்தாள். இரண்டாம் தடவை முழங்கால் நடுங்கியது. மூன்றாம் தடவை எவ்வளவு முக்கியும் உடம்பு மேலே வரவில்லை. கோயில் பிராகாரத்தில் விழுந்து கிடந்தால் யார் தூக்குவார்கள்?

கூடத்தில் வினிதா பையை மூடும் சத்தம் கேட்டது. இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வீடு தப்பித்துவிடும்.

"வினிதா, போயிடாதேம்மா" என்று மாமி உள்ளிருந்து கூப்பிட்டாள். "அந்த நடை என்னோடது."