முறை நாளில் கல்லணை

பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த தியாகேசனுக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை திடீரென்று பிடித்துக்கொண்டது. அங்கே கூட வேலை பார்க்கும் சீனக்காரர் ஒருவர் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வந்து படம் காட்டினாராம். பக்கத்து ஊர்க்காரன் நீ பார்த்ததில்லையா என்று கேட்டாராம். மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கார் பேசி, மனைவி மங்களாம்பிகையையும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் விடிவதற்குள் திருத்துறைப்பூண்டியை விட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்துத்தான் அவர்கள் வயலுக்கு முறைத் தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் குறைந்துபோனால் ஆளுக்கு ஒரு பகல் என்று பிரித்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். பொழுது சாய்ந்தால் முறை அடுத்தவருக்கு. மடையைத் திறக்க ஆள் வரவில்லையே என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். சம்பாப் பயிர் பால் பிடிக்கும் நேரம். இந்தத் தண்ணீர் தவறினால் கதிரெல்லாம் பதர்தான். மங்களாம்பிகை இதைச் சொல்லாமல் இல்லை. ஒரு நாள்தானே, செவ்வந்தியை நிற்கச் சொல் என்று அவர் முடித்துவிட்டார். வயல் வேலைக்கு வரும் செவ்வந்தியும் சரியென்றாள்.

பெரிய கோயிலில் கைடு விமானத்து உச்சிக் கல்லின் எடையைச் சொல்ல, தியாகேசன் வாயைப் பிளந்து கேட்டார். மங்களாம்பிகை நந்திக்குப் பின்னால் போய் நின்று செவ்வந்திக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அரண்மனையிலும் போட்டாள், எடுக்கவில்லை. தர்பார் மண்டபத்துத் தூணருகே அவளை நிறுத்திப் படம் எடுத்தவர், கொஞ்சம் சிரியேன் என்றார். எங்கே சிரிப்பது? உடம்பு மட்டும்தான் அங்கே நின்றது.

கல்லணைக்குப் போனபோது உச்சி வெயில். எந்தக் காலத்தில் கட்டியது, இன்னும் அசையவில்லை பார் என்று அவர் மலைத்துக்கொண்டிருக்க, அவள் தங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரியும் வெண்ணாற்றுப் பக்கம் ஓடினாள். ஷட்டர்கள் இறங்கியிருந்தன. நேற்றே இறக்கிவிட்டார்கள், இனி எப்போது ஏற்றுவார்களோ என்றார் அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்றவர். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வழியில் கிடக்கும் மிச்சத் தண்ணீர்தான் இன்றைக்கு ஊருக்கு வரும், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து செவ்வந்தி கூப்பிட்டாள். காலையிலிருந்து காய்ச்சலில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாளாம். மடைப்பக்கமே போகவில்லை.

“நீங்க இருந்து பாத்துட்டு வாங்க. நான் பஸ் புடிச்சுப் போறேன்” என்றாள் மங்களாம்பிகை.

தியாகேசனுக்குக் கோபம் வந்தது. உன்னோடு சேர்ந்து பார்க்கத்தானே வந்தேன் என்றார். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தவர் காரைத் திருப்பச் சொல்லிவிட்டார். மனுஷர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வடுவூர் வழியாக வந்திருக்கலாம். டிரைவர் நீடாமங்கலம் வழியாக வந்து ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். ரயில் போகும்வரை மங்களாம்பிகை கதவுக் கைப்பிடியை விடவேயில்லை.

ஊர் வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் நகரவே இல்லை. மேலே மதகில் வைக்கோல் அடைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை எடுக்க ஓடப்போனவளைத் தடுத்து, மடையை நான் வெட்டுகிறேன், நீ மேலே போ என்றார் தியாகேசன். பேன்ட்டை மடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் வாய்க்காலில் இறங்கி அவள் பார்த்ததில்லை. ஓடும்போதே அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அடைப்பை இழுத்துப் போட்டதும் தண்ணீர் குபுகுபுவென்று கிளம்பியது. அதன் கூடவே கரையில் ஓடிவந்தாள்.

“பாயுது பாரு மங்களா” என்றார் தியாகேசன். முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

தண்ணீர் எதிர்க்கரை நாகநாதன் வயலில் பாய்ந்துகொண்டிருந்தது.

“அது நாகநாதனோடதுங்க” என்றாள் அவள். “போன கோடையிலயே வயல மாத்திப் பரிவர்த்தனை பண்ணிக்கிட்டோம். போன்ல சொன்னேன். ம்ம்னு சொன்னீங்க.”

மண்வெட்டியைப் பிடித்தபடி அவர் அந்தக் கரையையும் இந்தக் கரையையும் பார்த்தார்.

“அப்ப நம்ம வயல் எது?”

பொழுது சாய்ந்துவிட்டது. மங்களாம்பிகை வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பயிர் போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என அவர் நினைத்துக்கொண்டார்.