தலைகீழ் முத்திரை

“முட்டி வலி, முட்டி வலின்னு மூணு நாளா புலம்பினவ, எனக்கு முன்னாடி எப்படிடி வந்து காலை நீட்டி உக்காந்திருக்க?” என்று நான் கத்த, “மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்கறாங்க” என்று அவள் பல்லைக் கடிக்க... பார்க்கட்டுமே, யாத்திரை வந்தால் கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டுமா என்ன, இருபத்திரண்டு வருஷமாக இவள் என் பக்கத்து வீடு, நடுவில் ஒற்றைச் சுவர், காலையில் இரண்டு முறை தட்டினாள் என்றால் தேநீர் தயார், என் வீட்டுக்காரர் போனபிறகு நாளில் நான் கேட்கும் முதல் சத்தமே அதுதான், இவளுக்கு நூலகத்தில் வேலை, என்னைப் போலவே கணவரும் இல்லை, பேச்சும் அளந்துதான் வரும், அப்படிப்பட்டவள் இன்று காலை பாதை பிரிந்த இடத்தில், நீ மலை வழியாப் போ, நான் ஆத்தோரமாத் தனியா வரேன் என்றாளே, தனியாகவா என்று நான் கேட்டேனா, கேட்காத கேள்விக்கு எதற்கு பதில்? இரண்டு வழியும் சேரும் இந்தத் தங்குமிடத்துக்கு ஆற்றோர வழி ஒரு மணி நேரம் கூடுதல், போதாததற்கு நொண்டல் வேறு. மூன்றாவது ஆள் எங்கள் தெருக் கோடி வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர், முப்பது வருஷம் ஓட்டல் வரவேற்பு மேஜையில் நின்றதால் ‘ரிசப்ஷன்’ என்பது நாங்கள் வைத்த பெயர், மலை வழியாக முன்னால் ஓடி இடம் பிடிக்கிறேன் என்றார், வழிநெடுக அவர் முதுகைக்கூட நான் பார்க்கவில்லை, நான் என்ன அவ்வளவு மெதுவா... ஒரு புது ஜோடியிடம் எந்த ஊர், எப்போது கல்யாணம், யார் பார்த்து வைத்தது என்று கேட்டதில் கொஞ்ச நேரம் போயிருக்கும், அதெல்லாம் சேர்த்தியில்லை.

அதோ குழாயடியில் நிற்கிறார், கையில் இரண்டு புட்டி, ஏன் இரண்டு, நாங்கள் மூன்று பேர் இல்லையா? அவள் பையில் துருத்திக்கொண்டிருந்த முத்திரைப் புத்தகத்தை உருவினேன். வழியில் ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஒரு முத்திரை கயிற்றில் தொங்கும், அவரவர் புத்தகத்தில் அவரவர் குத்திக்கொள்ள வேண்டும், ரிசப்ஷன் குத்தினால் மட்டும் தலைகீழாக விழும், பதிவேட்டை விருந்தாளிக்கு நேராகத் திருப்பி வைத்தே பழகிய கை, அவர் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று நாளாகச் சிரித்திருக்கிறோம். இவள் புத்தகத்தில் ஆற்றங்கரை முத்திரை... தலைகீழ்!

“இது யாரு குத்தினது?”

“குனிய முடியல. யாரோ குத்திக் குடுத்தாங்க.”

“அந்த யாரோ ஓட்டல்ல வேலை பாத்தவரா?”

அவர் புட்டிகளோடு வந்து நின்றார். “டெய்லரம்மா, பாதி மலை ஏறினதும் மனசு கேக்கல. இந்தக் காலை வெச்சுக்கிட்டு மேடம் எப்படி வருவாங்கன்னு குறுக்கால இறங்கிட்டேன். அவ்வளவுதான்.”

“அதை ஏன் மறைக்கணும்?”

“நீங்க இப்படிக் கத்துவீங்கன்னுதான். நாங்க வந்தே அரை மணி ஆச்சு, நீங்கதான் வழியில எத்தனை பேரோட பூர்வீகத்தை விசாரிச்சீங்களோ.”

அவள் சிரித்தாள், என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “அப்போ ரெண்டு பேரும் கல்யாணமே கட்டிக்கிட்டு நடங்களேன், எனக்கென்ன வந்துது!” பெஞ்சுகளெல்லாம் திரும்பின. அவள் சிரிப்பை நிறுத்தினாள், அவர் புட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், தேடிக்கொண்டிருந்த விலாசத்தை யாரோ சத்தமாகப் படித்துக் காட்டியதுபோல இருவரும் ஒரு கணம்... பிறகு, இவ்வளவு சொல்லியாச்சு, இனிமே பையையாவது தூக்கலாம் என்று அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வரை பத்தடி பின்னால் நடந்தேன், காதைத் தீட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசவில்லை இருவரும், பேசாமல் நடப்பவர்களை எப்படி நம்புவது?

யாத்திரை முடிந்த ஐந்தாம் மாதம் பதிவு அலுவலகத்தில் அவர்கள் கல்யாணம், துணி தைத்தது நான், சாட்சிக் கையெழுத்தும் நான், அடுத்த மாதமே அவர் மகள் இருக்கும் கடலோர ஊருக்குக் குடிபோய்விட்டார்கள், பக்கத்து வீட்டில் இப்போது ஒரு பல் டாக்டர், சுவரில் ஆணி அடிக்க மட்டும்தான் தட்டுகிறார். நேற்று அளவு நாடாவைத் தேடினபோது என் முத்திரைப் புத்தகம் அகப்பட்டது. முதல் நாள், முதல் தங்குமிடம், முத்திரை தலைகீழ். ஆமாம், செருப்பு வார் அறுந்து நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், குடுங்க டெய்லரம்மா என்று கை நீட்டினார், கொடுத்தேன்... அன்றைக்கு நான் கத்தாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு அந்த நினைப்பு வந்திருக்குமா, முன்பே இருந்ததா, யாரிடம் கேட்பது? பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்று நாளும் என் கையிலேயே இருந்த புத்தகம், இதைப் பார்த்து யாருமே சந்தேகப்படவில்லையே, நான்கூட.