ஓரத்துக்கு வந்த புள்ளி

பொன்னேரியிலிருந்து சவப்பெட்டி வந்து இறங்கியபோது வீட்டில் இருந்தவர்கள்: ஜெரால்டின் அம்மா ஞானம்மா, அண்ணன் ஆசீர்வாதம், கும்மிடிப்பூண்டி உருக்கு ஆலையில் அவனோடு நைட் ஷிப்ட் பார்த்த லோகு, பாட்டுப் புத்தகத்தோடு சபைப் பெண்கள் சிலர், மனைவி மெர்சி. ஐஸ் பெட்டிக்குள் ஜெரால்ட். முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியவன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். நிமிரவில்லை.

மெர்சி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூடிக் கிடந்த மேகம் கிழக்கே கிழிய ஆரம்பித்திருந்தது. எழுந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் ஞானம்மா.

"மாடிக்கு அத்தே. பத்து நிமிசம்."

"புருசன கெடத்தி வெச்சிக்கினு மாடியில இன்னா வேல?"

பாடிக்கொண்டிருந்த பெண்கள் அடுத்த வரியை மறந்தார்கள்.

ஜெரால்டிடம் ஒரு டெலஸ்கோப் இருந்தது. அது இருப்பவர்கள் நிலாவைப் பார்ப்பார்கள், நட்சத்திரம் பார்ப்பார்கள். ராத்திரி முழுக்க உலை முன்னால் நிற்பவனுக்கு அதெல்லாம் கிடையாது. அவனுக்கு வாய்த்தது சூரியன் மட்டும்தான். ஷிப்ட் முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மாடிக்குப் போய், டெலஸ்கோப்பில் போனை மாட்டிப் படம் எடுப்பான். வெயிலில் போன் திரை தெரியாது. அதற்காகத் தலைக்கு மேல் ஒரு போர்வை. அதைப் பிடித்துக்கொள்வது மெர்சியின் வேலை. அப்புறம் அவள் ஷூ கம்பெனிக்கு ஓட வேண்டும், அவன் தூங்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் விழித்திருந்தது அந்தப் போர்வைக்குள் மட்டும்தான். அவளுடைய முதுகுவலி, கேஸ் சிலிண்டர், யார் வீட்டுக் கல்யாணம், எல்லாம் அங்கேதான் பேசினார்கள். அவன்மேல் இரும்புத்தூள் வாசனை அடிக்கும். ஒருமுறை லோகு மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "காலங்காத்தாலயேவா அண்ணே?" என்று கேட்டுவிட்டு ஓடினான். ஆலை முழுக்க அந்தக் கதை பரவியது. ஜெரால்ட் மறுக்கவேயில்லை.

இந்த முறை சூரியனின் இடது ஓரத்தில் பெரிய கரும்புள்ளி ஒன்று முளைத்தது. அது நாளுக்கு நாள் நகர்ந்து குறுக்கே போனது. ஒரு நாள் விடாமல் எடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து, ஒரே சூரியனில் அது நடந்துபோகும் வழியைக் காட்ட வேண்டும் என்பது அவன் கணக்கு. நேற்று அது வலது ஓரத்தை நெருங்கிவிட்டது. "நாளைக்கு ஒரு நாள்தான் மெர்சி. அப்புறம் அந்தப் பக்கம் போயிடும்" என்றான்.

உள் அறைக்குப் போனாள். டெலஸ்கோப்பின் வாயில் மாட்டும் அட்டை வளையம் ஆணியில் தொங்கியது. நடுவில் இருக்க வேண்டிய வெள்ளித் தகடு இல்லை. தாளைப் போல மெல்லிய தகடு. அது இல்லாமல் சூரியனுக்கு நேரே நீட்டினால் போன் பொசுங்கிவிடும். கண்ணை வைத்தால் கண் போய்விடும்.

வெளியே வந்தபோது சவப்பெட்டியின் மூடிமேல் சிலுவை பளபளத்தது.

"வண்டில வர்றப்போ ஒட்டினிருந்த சிலுவ பிச்சிக்கினு போச்சும்மா" என்றார் ஆசீர்வாதம், கையில் கத்தரிக்கோலோடு. "நல்ல வேள, உள்ள ஜிகினா பேப்பர் மாட்டி வெச்சிருந்தான். ஷோக்கா வந்துக்கீது பாரு."

"மாமா, அது ஜிகினா இல்ல."

அது எதற்கு என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கியது. ஆனாலும் மூடிமேல் கையை வைத்துக்கொண்டார்.

"தெரியாம வெட்டிட்டேன், தப்புதான். அதுக்காக பொட்டிமேல ஒட்டின சிலுவைய பிய்க்கறதா? பாஸ்டர் வந்தா இன்னா சொல்வாரு?"

"இன்னைக்கு உட்டா அந்தப் புள்ளி போயிடும் மாமா. இத்தினி நாள் எடுத்தது குறையா நிக்கும்."

ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமியது. ஞானம்மா பிணத்தைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"பிச்சி குட்றா" என்றாள். "அவன் பொட்டி. அவனா கேக்கப்போறான்?"

ஆசீர்வாதம் நகத்தால் நெம்பி எடுத்தார். மெர்சி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பசை பட்ட ஓரங்களில் ஊசிமுனை வெளிச்சம் கசிந்தது, அது உதவாது. சிலுவையின் நடுப்பகுதியில் கசிவு இல்லை. மெழுகுவத்தி வந்த அட்டைப்பெட்டியில் மாத்திரை டப்பா மூடி அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, அதன்மேல் அந்தத் துண்டை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். இன்னொரு சுற்று ஒட்டினாள்.

மாடியில் அவள் அதை டெலஸ்கோப்பின் வாயில் மாட்டியதும் ஆசீர்வாதம் போர்வையைப் பிடித்தார். இரண்டு பேர் தலையும் உள்ளே.

"இதுக்குள்ள மூச்சு முட்டுது. டெய்லி எப்டிம்மா இருந்தீங்க?"

"இருந்தோம்" என்றாள் மெர்சி. இதுவரை குமிழைத் திருகியவன் அவன். இன்று அவள் திருகினாள். மங்கலான வட்டம் மெல்லக் கூர்மையானது.

"இன்னா இது, வெள்ளத் தோச மாதிரி கீது?"

"அந்த ஓரத்துல பாருங்க."

விளிம்பை ஒட்டி, நகக்கீறல் போல ஒரு கறுப்பு.

"இம்மாத்தூண்டா? இதுக்கா இவ்ளோ பாடு?"

"பூமியே அதுக்குள்ள போயிடுமாம். அவரு சொல்வாரு."

"கும்மிடிப்பூண்டி கூடவா?"

மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே பாட்டு மறுபடி ஆரம்பித்திருந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு பட்டனைத் தொட்டாள். மேகம் வந்தது, போனது. மறுபடி தொட்டாள். மறுபடியும்.

"வந்துச்சா?"

"வந்துச்சி மாமா."

ஆசீர்வாதம் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மூக்கைத் துடைத்தார். தெருமுனையில் பாஸ்டரின் பைக் திரும்புவது தெரிந்தது.

"வா. அவன பொட்டிக்கு மாத்தணும்."

"நீங்க போங்க. நான் பின்னால வரேன்."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். "மெதுவா வா. பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கினு இருக்கேன்" என்று படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் மெர்சி மாடிப் பக்கமிருந்து இரும்புக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினாள். போர்வையை எடுத்துத் தனியாகத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.