எறும்பின் சாதாரண நாள்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் ஒரு கோடு. நீளக் காகிதத்தில் மேலும் கீழுமாகப் போகும் கோடு. அதில் ஓர் இடத்தில் நான் இருக்கிறேன். எந்த இடம் என்று இப்போதே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டீர்கள். சொல்லாமல் இழுத்தால் தந்திரக்காரன் என்பீர்கள். எழுத எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அதனால் தந்திரமும் தெரியாது. அது வரும்போது வரும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மலை போன்ற அந்த நாய், மறையும் சூரியனை உற்றுப் பார்த்தபடி–’

(அடித்துவிட்டேன். அவன் சூரியனை உற்றுப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கார மாமா கையிலிருக்கும் பாத்திரத்தைத்தான் பார்ப்பான்.)

பிறகு இப்படி: ‘ஊரைவிட்டு வந்தவனின் தனிமை என்பது–’

(இதையும் அடித்துவிட்டேன். தனிமையில் தொடங்கி நான் எழுதிய கதைகள் எல்லாம் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடக்கின்றன. இது ஒன்றாவது வெளியே வரட்டும்.)

2

சரி, நேராகச் சொல்கிறேன். நான் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் தள்ளுவது என் வேலை. ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர்கள், கணவனும் மனைவியும். நான் அவர்களை மாமா, அக்கா என்பேன். சொந்தம் எதுவும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொந்தமாகிவிட்டது.

அவர்கள் வளர்ப்பது கிரேட் டேன் நாய்கள். நின்றால் சாப்பாட்டு மேசையில் தாடையை வைத்துக்கொள்ளும் உயரம். அக்கா இளவயதில் வாங்கிய ஒரு பெண் நாயிலிருந்து வந்த வம்சம். அந்த வம்சத்தில் இப்போது மிச்சமிருக்கும் ஒரே நாய், எறும்பு.

பெயர் வைத்தது மாமா. “பேராவது சின்னதா இருக்கட்டும்” என்றாராம்.

(முதலில் ‘அது’ என்றுதான் எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “எதுடா அது?” என்றாள். எல்லாவற்றையும் ‘அவன்’ என்று திருத்தினேன்.)

வெளியூரில் ஒரு பெண் நாய் வைத்திருக்கும் அம்மாள், எறும்பை இணை சேர்க்கக் கேட்டிருந்தார். அதற்கு முன்னால் அவனை முழுசாகச் சோதித்துவிட வேண்டும் என்றாள் அக்கா. பெரிய இன நாய்களுக்கு உடம்பு பெரிசு, நோயும் பெரிசு. இடுப்பு மூட்டு கெடும், இதயம் வீங்கும். அப்பனுக்கு இருந்தால் குட்டிகளுக்கும் போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், நன்றாக இருந்தது. கண், ரத்தம் எல்லாம் சரி. இதய ஸ்கேனுக்கு நடுவில் ஓட்டை போட்ட மேசை ஒன்று உண்டு. நாயை அதில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஓட்டை வழியாகக் கீழேயிருந்து கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அவனைத் தூக்க ஆள் வேண்டுமே, அதற்கு நான் போனேன். அதுவும் சரி என்றார் டாக்டரம்மா.

“பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க” என்றார் மாமா.

“கேட்டிருந்தா நீங்க தேறியிருப்பீங்களா?” என்றாள் அக்கா.

மிச்சமிருந்தது ஒன்றுதான். ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்வது.

3

நெஞ்சில் முடியை மழித்து, ஒயர்களை ஒட்டி, மேலே ஒரு சட்டை. சட்டைப் பையில் சின்ன இயந்திரம். வீட்டுக்குப் போய், மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அக்கா இதைப் பரீட்சை என்று நினைத்துவிட்டாள். டிவி கிடையாது. குக்கர் கிடையாது. வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். மாமா வீட்டுக்குள் பூனைபோல நடந்தார். எறும்புக்கு நடை கிடையாது, பந்து கிடையாது. துக்க வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தான்.

அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. “தம்பி, இன்னைக்குப் பின்பக்கப் படிக்கட்டுல ஏறிப் போயிடு. உன்னப் பாத்தா இவன் ஆட ஆரம்பிச்சிடுவான்.”

உண்மைதான். தினமும் கேட்டின் கொக்கி சத்தம் கேட்டதும் ஓடி வந்து, இரண்டு கால்களையும் என் தோளில் போடுவான். வால் சுவரில் அடிக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அன்று திருடனைப்போலப் பின்பக்கம் ஏறினேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அந்த அறை அவ்வளவு அமைதியாக–

(வேண்டாம். பெட்டிக்குள் கிடக்கும் கதைகள் கூப்பிடுகின்றன.)

4

பதிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார், “ரொம்பச் சுத்தமா இருக்கு. எழுதிக் கொடுத்திடலாம்.”

மாமா என் கையைப் பிடித்து அமுக்கினார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

“ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்” என்றார் டாக்டரம்மா, பேனாவைத் திறந்தபடி. “அது அவனுக்குச் சாதாரண நாள்தானே?”

எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. ‘ஆமா’ என்ற ஒரு சொல் போதும். வம்சம் தொடரும்.

(இந்த இடத்தில் அக்காவின் மனப்போராட்டம் என்று அரைப் பக்கம் எழுதினேன். காற்று, ஜன்னல், பழைய நினைவு எல்லாம் வைத்தேன். உண்மையில் எதுவும் நடக்கவில்லை. அவள் திரும்ப உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.)

“இல்லைங்க டாக்டர். நான் அவனைப் படுக்கவே வெச்சிருந்தேன்.”

“ஏம்மா...” என்று இழுத்தார் மாமா.

“நாம படுக்க வெச்ச நாள்ங்க அது. அவனோட நாள் இல்ல.” டாக்டரம்மாவிடம் திரும்பினாள். “மறுபடி மாட்டுங்க.”

பேனா மூடும் சத்தம் கேட்டது. எனக்கு ஏனோ நெஞ்சு நிமிர்ந்தது. அவள் என் சொந்த அக்கா இல்லை. ஆனாலும் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ‘எங்க அக்கா’ என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

5

ஒரு சந்தேகம். கதைக்கு வில்லன் வேண்டாமா? முதல் பிரதியில் மாமாவை வில்லனாக்கினேன். ‘முதல் ரிப்போர்ட்டையே காட்டிவிடலாம்’ என்று காரில் அவர் வாதாடுவதாக எழுதினேன். வாதாடத்தான் செய்தார். ஆனால் பக்கத்து சிக்னல் வரைதான்.

அவர் படித்துவிட்டு மாடிக்கு வந்தார்.

“என்னப்பா, என்னை இப்படிப் பண்ணிட்ட?”

“கதைக்காக மாமா.”

“கதைக்கு வேணும்னா மீசை வெச்சு விடு. கெட்டவனாக்காத. தினம் அவனுக்குக் கறி வேக வெக்கறது யாரு? அதையும் எழுது.”

எழுதிவிட்டேன். அவர்தான் வேக வைக்கிறார். எலும்பை எடுத்துவிட்டு, ஊதி ஆறவைத்து.

6

இரண்டாம் பதிவு. டிவி ஓடியது. குக்கர் கத்தியது. எறும்பு சட்டையும் இயந்திரமுமாகப் பந்து விரட்டினான். நான் முன்வாசல் வழியாக வந்தேன்.

டாக்டரம்மா இந்த முறை காகிதத்தையே விரித்துக் காட்டினார். அங்கங்கே நேரம் தப்பிப் பிறந்த துடிப்புகள். ஓரிடத்தில் கோடு கூட்டமாகத் துள்ளி, அதன் நடுவே நாலைந்து துடிப்புகள் தாளம் கெட்டு வரிசையாக ஓடின.

“சாயங்காலம் இது. அப்ப என்ன நடந்துச்சு?”

அக்கா யோசித்தாள். மாமா நேரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இவன் வேலை முடிஞ்சு வர்ற நேரம்” என்றார்.

நான் சொன்ன இடம் இதுதான். நான் கேட்டைத் திறந்தபோது ஓர் இதயம் குதித்ததற்குக் காகிதத்தில் சாட்சி இருக்கிறது. எத்தனை பேருக்கு அப்படி இருக்கும்? பெருமைப்பட்டேன். அதே காகிதம்தான் அவன் வம்சத்தை நிறுத்தியது.

“இப்ப நல்லாத்தான் இருக்கான். மாத்திரை தரேன், அடிக்கடி பாத்துக்கலாம். ஆனா குட்டி வேண்டாம்” என்றார் டாக்டரம்மா.

“இனிமே நான் பின்பக்கமாவே வரட்டுமா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ஓட்டப்பந்தயம்தான் வேண்டாம். வாசல் வரைக்கும் வரலாம். அதையும் நிறுத்தினா அப்புறம் எதுக்கு இதயம்?” என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வெளியூர் அம்மாளுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள், ஒளிக்க எதுவும் இல்லை என்பதுபோல.

“எங்க பையன் வேண்டாங்க. இதயத்துல கோளாறு இருக்கு.”

“ஸ்கேன் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே.”

“ஸ்கேன் நல்லாத்தான் இருக்கு. ஒரு நாள் முழுக்க மெஷின் வெச்ச சட்டை மாட்டிப் பாத்தா தெரியுது.”

“என் பொண்ணுக்கு நான் இடுப்பு மட்டுந்தான் பாத்தேன்” என்றார் அந்த அம்மாள். “அந்தச் சட்டை எங்கே கிடைக்கும், சொல்லுங்க.”

அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு, “அன்னைக்கு அவளைப் படுக்க வெச்சிடாதீங்க” என்றும் சொன்னாள். போனை வைத்த பிறகு எறும்பின் காதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மாமாதான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

7

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில், இயந்திரம்தான் பழுது, எறும்பு நலம், வீடு நிறையக் குட்டிகள். படித்துப் பார்த்தால் அக்காவை ஏமாற்றியதுபோல இருந்தது. அவள் சொன்ன ‘இல்லைங்க’வுக்கு மதிப்பில்லாமல் போகிறது.

இரண்டாவதில் அந்தப் பெண் நாய்க்கும் சோதனை நடந்து, அது தேறி, வேறு இடத்தில் நல்ல குட்டிகள் போடுகிறது. இது நடக்கலாம். இன்னும் தெரியாது.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது அக்கா கேட்டாள், “நாய் சாகுதா?”

“இன்னும் முடிவு பண்ணல அக்கா.”

“செத்தா நான் படிக்க மாட்டேன். சாப்பாடும் கிடையாது.”

ஆகவே ‘ஒரு நாள் நான் கேட்டைத் திறந்தபோது’ என்று–

(நிறுத்திவிட்டேன். சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை.)

இப்போது கதையில் சாயங்காலம். கை முழுக்க இஸ்திரிச் சூட்டின் வாசனையோடு கேட்டுக்கு முன்னால் நிற்கிறேன். உள்ளே மாமா பாத்திரத்தை உருட்டும் சத்தம். யாரோ தூக்கத்திலிருந்து தலை தூக்கும்போது கழுத்துப்பட்டையின் வளையம் கிணுங்குமே, அந்தச் சத்தமும் கேட்கிறது. இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் அது முடிவாகிவிடும். எனக்கு மனம் வரவில்லை. கொக்கியை நீங்கள் தூக்குங்கள்.

தூக்கிவிட்டு இடப்பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். அவன் வால் பட்டால் வலிக்கும்.