மண்டி கலங்கக் கூடாது

என் கணவன் ராய்ஸுக்குப் பீர்ப் பித்து. டிராவர்ஸ் சிட்டியில் ஒரு சின்ன பீர்க்கடையில் குடித்ததை அப்படியே வீட்டில் காய்ச்சிவிட வேண்டுமாம். அந்தக் கடைப் பாட்டிலின் அடியில் தங்கிய மண்டியைச் சொட்டு விடாமல் எடுத்து, அதிலிருந்த, பீரைப் பொங்கவைக்கும் ஈஸ்டைக் குடுவையில் வளர்த்தான். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். அதை விட்டுக் காய்ச்சிய பீரை, நுரை அடங்கியதுமே பாட்டிலில் அடைத்தும் விட்டான்.

சனிக்கிழமை மதியம் அவன் தங்கை ஜனெல் வந்து, ஒரு பெட்டி பீரை வாங்கிக்கொண்டு ஏரிக்கரை வீட்டுக்குக் காரில் கிளம்பினாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் கராஜில் 'டமார்' என்று சத்தம். ஓடிப் பார்த்தால், ஒரு பாட்டில் வெடித்து, கண்ணாடிச் சில்லு பலகைச் சுவரில் ஆழமாக இறங்கியிருந்தது.

ராய்ஸ் முகத்தில் ரத்தமே இல்லை. "ஈஸ்ட் இன்னும் அடங்கல. பாட்டிலுக்குள்ளயே பொங்கிக்கிட்டு இருக்கு. இந்த வெயில்ல எல்லாமே வெடிக்கும்."

"ஜனெல் பெட்டிய டிக்கியிலதானே வச்சிருக்கா?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் கார் சாவியைத் தேடினான்.

"ராய்ஸ், சொல்லித் தொலை!"

"டிக்கியில சாஞ்சா மண்டி கலங்கிடும்னு... நான்தான் பின்சீட்ல நிமிர்த்தி வச்சு பெல்ட் போட்டேன். எம்மெட் பக்கத்துல."

எம்மெட் ஜனெலின் பிள்ளை. இன்னும் இரண்டு வயது ஆகவில்லை.

வண்டி ஓட்டும்போது ஜனெல் போனை எடுக்கவே மாட்டாள். எங்கள் காரில் விரட்டினோம். "மண்டியாம் மண்டி!" என்று வழியெல்லாம் அவனைத் திட்டினேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

சாலையோரச் செர்ரிக் கடை முன்னால், கொளுத்தும் வெயிலில், கண்ணாடி ஏற்றியபடி அவள் கார் நின்றது. நான் இறங்கி ஓடினேன். கைப்பிடியைத் தொடுவதற்குள் உள்ளே ஒன்று வெடித்தது. அடுத்து இன்னொன்று. ஜன்னலெல்லாம் நுரை. உள்ளே எதுவும் தெரியவில்லை.

"எம்மெட்!" என்று அலறினேன்.

"எதுக்குடி இப்படிக் கத்துற?"

கடையிலிருந்து ஜனெல் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் எம்மெட், வாயெல்லாம் செர்ரிச் சாறு.

ராய்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நுரை வழிந்து இறங்கியதும் ஜனெல் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிள்ளை சீட்டில், தலை சாய்கிற இடத்தில், ஒரு சில்லு குத்தி நின்றது.

"நான் நிறுத்துறதாவே இல்ல," என்றாள். "இவன்தான் ஓயாம அழுது நிறுத்த வச்சான். வாய மூடுடான்னு திட்டிக்கிட்டேதான் வந்தேன்."