பஞ்சு மெத்தையில் ஒரு போன்

உதயகலாவின் புருஷன் பகலில் நித்திரை கொள்ளுகிறவன். அவன் நித்திரை கொள்ளுவது கட்டாரில். அதைப் பார்த்துக்கொண்டு அவள் சட்டை தைப்பது வட்டுக்கோட்டையில். இரண்டுக்கும் இடையில் கடல் கிடக்கிறது என்று சொன்னால் அவள் தலையாட்டுவாள், ஆனால் நம்பமாட்டாள். அவளுக்கு இடையில் கிடந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்.

ஜெயசுதனுக்கு அங்கே ஒரு பெரிய பேக்கரியில் இரவு வேலை. விடிய விடியப் போறணை அடுப்பில் பாண் போட்டுவிட்டு, எங்கள் ஊர் எழும்பித் தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்தில் அறைக்கு வந்து சேருவான். கால் முகம் கழுவிக் கட்டிலில் ஏறி, போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நேரே படுத்துக் கண்ணை மூடுவான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இந்தப் பக்கம் தையல் மெசின் ஓடும். அந்தப் பக்கம் அவன் நெஞ்சு ஏறி இறங்கும். பொழுது சாய்கிற வரைக்கும் இதுதான்.

இது விளையாட்டாகத் தொடங்கியதல்ல. போன வருஷம், அவன் இருக்கிற கட்டடத்தில் பக்கத்து அறைக்காரர் ஒருவர், நோய் நொடி ஒன்றும் இல்லாத மனுஷன், வேலையால் வந்து படுத்தவர் எழும்பவேயில்லை. ஜெயசுதன் அதை வாய் தவறிச் சொல்லிவிட்டான். சொன்ன வாயை மூட முதல் இவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"நீங்கள் இனி வீடியோவைப் போட்டுட்டுத்தான் படுக்கவேணும். மூச்சு ஏறி இறங்கிறதை நான் பாக்கவேணும்."

"நீ தைக்கிறேல்லையோ?"

"தைச்சுக்கொண்டு பாப்பன்."

தான் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அந்த மூச்சு நிற்காது என்று அவள் நம்பினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கேட்கவும் ஒருவரும் இல்லை.

வீடியோ பற்றரியைக் குடித்துத் தள்ளும். ஆனபடியால் போன் காலையிலிருந்து சார்ஜர் வயரிலேயே கிடக்கும். சிக்னல் நன்றாகக் கிடைப்பது யன்னலோரம் என்பதால், மெசினுக்குப் பக்கத்தில் யன்னல் கட்டுத்தான் அதற்கு இடம். வெறும் கட்டின் மேல் எப்படி வைப்பது? உள்ளே படுத்திருக்கிறவன் தன் புருஷன் அல்லவா? வெட்டி மிஞ்சிய வெல்வெட் துணியில் இலவம்பஞ்சு அடைத்து ஒரு சின்ன மெத்தை தைத்தாள். தலைமாட்டுக்கு விரல் நீளத்தில் ஒரு தலையணை. காற்றுக்குத் தூசி பறந்தால் போர்த்திவிட, கண்ணாடி மட்டும் தெரிய ஓரம் வைத்த ஒரு போர்வை. இரவில் அவன் வேலைக்குப் போன பிறகும் போன் அந்த மெத்தையிலேயே, வயரைக் கழற்றாமல் விடியும்வரை கிடக்கும். நூறு என்று காட்டினால்தான் அவளுக்கு நெஞ்சு ஆறும். தொண்ணூற்றெட்டு என்றால் ஏதோ குறைந்துபோன மாதிரி இருக்கும்.

சோளகக் காற்று வயலைத் தடவிக்கொண்டு வரும் மத்தியானங்களில் எது இந்த அறை, எது அந்த அறை என்று அவளுக்கே பிடிபடாது. அவனுடைய அறையின் நீலத் திரை ஆடினால் இவளுடைய கூந்தல் பறக்கிற மாதிரி இருக்கும். இங்கே பனையோலை சரசரத்தால் அவன் இமை துடிக்கும். சில நேரம் மெசின் மிதித்தபடியே அவளுக்குக் கண் சொருகிப்போகும். ஊசி தானாகவே துணியின் ஓரம் பிடித்துப் போய்க்கொண்டிருக்கும். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள்.

"ஆருடைய பிள்ளையடி நித்திரை?" என்று ஒரு மாமி கேட்டா.

"பிள்ளையில்லை மாமி, அவர்தான்."

மாமி யன்னல் கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, சீலையை இழுத்து மூடிக்கொண்டு, அளவு கொடுக்காமலே போய்விட்டா.

போன் முதலில் சுடத் தொடங்கியது. பிறகு நாற்பது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று அணைந்தது. அணைந்த அந்த நொடியில் உதயகலாவுக்குத் தன் மூச்சே நின்றமாதிரி இருந்தது. வயரை ஆட்டி, அழுத்தி, மறுபடி ஏற்றி, அவன் முகம் வரும்வரை விடவில்லை. ஒரு கிழமையில் போனின் முதுகு மேடு கட்டி, விளிம்பில் நகம் நுழைகிற அளவுக்குப் பிளவு விட்டது. இனி ஒரு நாளும் தாங்காது என்று விளங்கியது. மெத்தையோடு சேர்த்தே அதைத் தூக்கிப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் சங்கானைக்குப் போனாள்.

அங்கே போன் திருத்தும் சுபாஜினி அவளோடு ஒரு வகுப்பில் படித்தவள். பையைத் திறந்து பார்த்தவள் கதிரையில் சாய்ந்து சிரித்தாள்.

"எடியே கலா, உது என்னடி? போனுக்கு மெத்தையோ?"

"கீறல் விழாமல்..."

"பஞ்சோ உள்ளுக்கை?"

"இலவம்பஞ்சு."

"நுளம்பு வலையும் கட்டினனியோ?"

"பகிடி விடாமல் பாரடி. அவர் எழும்ப முதல் நான் வீட்டை போகவேணும்."

சுபாஜினி முதுகுத் தகட்டை மெல்லக் கழற்றினாள். உள்ளே பற்றரி அப்பம் மாதிரி உப்பிக் கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"கை வையாதை. உதை அமத்தவும் கூடாது, குத்தவும் கூடாது. நல்ல காலம் நெருப்புப் பிடிக்கேல்லை. நீ உதை எப்பிடிப் பாவிச்சனீ?"

உதயகலா சொன்னாள். யன்னல் வெயிலைச் சொன்னாள், வயரைச் சொன்னாள், போர்வையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

"விசரி. பற்றரிக்கு ரெண்டு விசயம் ஆகாது. சூடு ஒண்டு. எந்நேரமும் நிறைஞ்சு கிடக்கிறது மற்றது. நீ ரெண்டையும் சேத்து, மேலை பஞ்சையும் போட்டு மூடியிருக்கிறாய்."

"நிறைஞ்சு கிடந்தா நல்லதுதானே?"

"உனக்கு ஒருத்தர் வயிறு முட்டச் சோறு தந்துபோட்டு, ஒரு வாய் இறங்க முதல் அடுத்த வாய் தீத்தினா நல்லா இருக்குமோ? புதுப் பற்றரி போட்டுத் தாறன். எண்பதிலை கழட்டு. இருபதுக்குக் கிட்ட வரேக்கை கொழுவு. அடியோடை முடிஞ்சு அணையவும் விடாதை. வெயில் படாத, காத்துப் படுற இடத்திலை வை. ராத்திரி முழுக்கக் கொழுவிப்போட்டுப் படாதை. வயரிலை கிடக்கேக்கை வீடியோ வேண்டவே வேண்டாம்."

"நூறு ஒருநாளும் ஆகாதோ?"

"எங்கையும் தூரப் பயணம் எண்டா ஏத்து, குற்றமில்லை."

உதயகலா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். எண்பதிலிருந்து இருபதுக்கு இறங்கும்வரை வீடியோ ஓடினால், அவனுடைய நித்திரையில் பாதிக்குக்கூடக் காணாது. மிச்சப் பாதியில் அந்த மூச்சை யார் பார்ப்பது?

"வேறை போன் வாங்கினா?"

"இப்பிடிப் பாவிச்சா எந்தப் போனுக்கும் உந்தக் கதிதான்." சுபாஜினி சின்னத் திருகாணியை முறுக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள். "பாத்துக்கொண்டிருந்தா மட்டும் என்னடி? ஒண்டெண்டா ஓடிப்போய் எழுப்பவோ போறாய்?"

உதயகலா போனை மட்டும் பையில் வைத்தாள். மெத்தையை அங்கேயே மேசையில் விட்டுவிட்டு வந்தாள்.

அன்று அவன் வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் விசயத்தைச் சொன்னாள். இனிப் படுக்கும்போது வீடியோ இல்லை, போன் பழுதாகும் என்றாள். அவன் மறுப்பான், கெஞ்சுவான், வேறு வழி ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள்.

"சரி" என்றான் ஜெயசுதன். உடனே சொன்னான்.

"அப்ப தனியப் படுப்பியளோ?"

"படுப்பன்தானே."

அந்த உடனே என்பது அவளுக்குள் முள்ளாக ஏறியது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அவன் வேலையால் வந்து, "வந்திட்டன், படுக்கப்போறன்" என்று குரலில் மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். உதயகலா போனை நிழலில், குளிர்ந்த சீமெந்து நிலத்தில் வைத்தாள். கறுத்த கண்ணாடியில் அவளுடைய முகமே தெரிந்தது. எத்தனையோ நாளாகப் பார்க்காத ஒருத்தியைப் பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெசினில் இருந்தாள். வெயில் யன்னலால் இறங்கி நிலத்தில் மெல்ல நடந்தது. காற்று வந்தது, போனது. சட்டையின் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் அப்படியே தைத்தாள். கண்ணை மூடினால் ஒரு நெஞ்சு ஏறியது. இறங்குகிறதா என்று தெரியுமுன் கண் திறந்துவிட்டது.

அவன் எழும்புகிற நேரம் வந்தது. போன் பேசவில்லை. வெயில் சுவரில் ஏறியது. போன் பேசவில்லை. அவளே அழைப்பெடுத்தாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் எடுத்தாள். பக்கத்து அறைக்காரருடைய போனும் இப்படித்தான் அடித்து ஓய்ந்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும் நிலத்தில் இருந்துவிட்டாள்.

எடுத்தது வேறொரு குரல்.

"அக்கா, நான் லெனாட்." குருநகர்ப் பெடியன், ஜெயசுதனோடு ஒரே அறையில் இருப்பவன்.

"தம்பி, ஏன் போன் உங்கடை கையிலை? அவர் எங்கை?"

"கத்தாதேங்கோ அக்கா. ஆள் நித்திரை."

"மூச்சு? மூச்சு இருக்கோ?"

"மூச்சோ? எங்கடை ஊர் வள்ளமெல்லாம் ஒண்டா மோட்டர் ஸ்ராட் பண்ணின மாதிரிக் கிடக்கு. அறையிலை இருக்கேலாமல் நாங்கள் வெளியிலை நிக்கிறம். பொறுங்கோ, கேளுங்கோ."

காலடிச் சத்தம். கதவு திறந்தது. அதற்குப் பிறகு வந்தது குறட்டை. ஆழக் கிணற்றில் வாளி இறங்கி, மோதி, நிறைந்து, மேலே வருகிற மாதிரியான குறட்டை. கலியாணம் முடித்த புதிதில் அவள் மூக்கைப் பிடித்து நிறுத்துகிற அதே குறட்டை. உதயகலா காதை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை மாதமும் கண்ணாடிக்குள் படுத்துக் கிடந்தவன் ஒரு நாளாவது குறட்டை விட்டானா?

"தம்பி, அவர் இவ்வளவு நாளும் நித்திரை கொள்ளேல்லையோ?"

லெனாட் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"என்னெண்டு அக்கா கொள்ளுறது? மரக்கட்டை மாதிரி நெட்டைக்குக் கிடக்கும். திரும்பிப் படுத்தா முகம் தெரியாது, நீங்கள் பயந்திடுவியள் எண்டு திரும்பவும் மாட்டுது. போன கிழமை போறணைக்கு முன்னாலை நிண்ட நிலையிலை தூங்கி விழப் பாத்தவன். நான்தான் சேட்டிலை பிடிச்சு இழுத்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் அழுவியள் எண்டுதான். இப்ப அழுறியள்தானே?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். எரிகிற போறணையின் வாய் கண்முன் வந்து நின்றது. அவளுடைய கண் அவனைப் பிடித்து வைத்திருந்ததே தவிர, உறங்க விடவில்லை.

"வீடியோவிலை காட்டட்டே அக்கா? நான் பக்கத்திலைதான் நிக்கிறன்."

கண்ணாடி மூலையில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது. பார்க்க வேண்டும் என்று விரல் துடித்தது.

"வேண்டாம் தம்பி. விடுங்கோ. எழுப்பவும் வேண்டாம்."

பொழுது பட்டு, கோயில் மணி ஓய்ந்த பிறகுதான் அவன் எடுத்தான். குரல் பஞ்சில் சுற்றினதுபோல் வந்தது.

"கலா... அடிச்சுப் போட்ட மாதிரிப் படுத்திட்டன். நல்ல காலம் இண்டைக்கு லீவு."

"ஏன் பொய் நித்திரை கொண்டனீங்கள்?"

அந்தப் பக்கம் அவன் எழும்பி இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னான்.

"நீ தைக்கிற சத்தம் காதுக்கை கேக்கும். நான் கண்ணைத் திறந்தா நீ மெசினை நிப்பாட்டிப்போட்டு என்ன எண்டு கேப்பாய். அந்தச் சத்தம் நிக்கக்கூடாது எண்டு கிடந்தனான்."

உதயகலா சீமெந்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"இண்டைக்குக் கனவு கண்டனான்" என்றான் அவன். "எத்தினையோ மாசத்துக்குப் பிறகு. எங்கடை வயல் முழுக்க வெள்ளம். தண்ணியிலை பாண் எல்லாம் தாரா மாதிரி நீந்துது. நீ அந்த வரம்பிலை நிண்டு ஒரு துணியை விரிச்சுக்கொண்டு போறாய். நான் இந்தத் தொங்கலைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை வாறன். துணி முடியுதே இல்லை."

"என்ன நிறம்?"

"நிறமோ? விடியக்காத்தாலை வானம் இருக்குமே, உது."

"பேந்து?"

"பேந்து நீ முடக்கிலை திரும்பினாய், காணேல்லை. எங்கை போனனீ?"

"உங்கடை கனவிலை நான் எங்கை போனன் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

அவன் சிரித்தான். பின்னால் லெனாட் ஏதோ சொல்ல மற்றவர்களும் சிரிப்பது கேட்டது. போன் இருபத்தொன்று என்றது.

"வைக்கப்போறன். பற்றரி இறங்கிட்டுது."

"ஒரு சொல்லு மட்டும். அந்தத் துணியிலை எனக்கொரு சேட்டுத் தைச்சு வை."

"தைக்கிறன்" என்றாள் உதயகலா. "புரண்டு படுக்கத் தக்கதா, தோளை நல்லாத் தளத்தி விட்டுத் தைக்கிறன்."